இடாப்பில் ஏழாவது பெயர்

என் இரண்டாவது பிள்ளை ஹிபா சாப்பிடாமல் போனது சென்ற வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த பிறகு. வயது பத்து. தட்டில் போட்ட சோற்றில் பாதியை அப்படியே ஒதுக்கி வைப்பாள். தூக்கமும் இல்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்துப் போனாள். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாமலா ஒரு பிள்ளை இப்படித் தேயும்?

இதைப் படிக்கும் சகோதரிகளே, நான் பெருமைக்கு எழுதவில்லை. வெட்கத்தை விழுங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். அல்லாஹ் என் துஆவுக்குப் பதில் தந்தான். நான் பார்த்துக்கொண்டிருந்த வாசலால் அது வரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீடு கல்முனைப் பக்கம். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் நாலைந்து தெருக்கள். எனக்கு ஆறு பிள்ளைகள். மூத்தவனுக்குப் பன்னிரண்டு, கடைக்குட்டி ஸாராவுக்கு நாலு. ஒருவரையும் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு குர்ஆன், பிறகு கணக்கு, தமிழ், விஞ்ஞானம் என்று எல்லாம் நானே படிப்பித்தேன். மார்க்கப் பயான் கேட்க வரும் பெண்கள் "மாஷா அல்லாஹ், புள்ளையள வளத்தா இப்பிடி வளக்கணும்" என்று புகழ்வார்கள். எல்லாம் மார்க்கத்துக்காகத்தான் என்பது போல நானும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தேன். பொய். சுத்தப் பொய். பள்ளிக்கூடம் கடற்கரை வீதியில் இருக்கிறது. அனுப்பாததற்கு அதுதான் காரணம்.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வயது பத்து. என் தம்பி சப்ரானைக் கடல் கொண்டுபோனது. அவனுக்கு ஐந்து வயது. நானும் தங்கையும் தப்பினோம். அடக்க ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் உம்மாவுக்கு மயக்கம் வந்துவிடும். இப்படி ஒரு மாமா இருந்தார் என்பதே என் பிள்ளைகளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

வீட்டுப் படிப்பு என்றாலும் பள்ளிக்கூடத்தில் போல ஒவ்வொருவர் பெயராக எனக்கு இடாப்புக் கூப்பிட வேண்டும். கொப்பி கிப்பி கிடையாது, வாயால்தான். காலையில் ஒரு தரம் கூப்பிட்டால் போதாது. பாடம் மாறினால் கூப்பிடுவேன். கறியை இறக்கிவிட்டு வந்து கூப்பிடுவேன். வானம் இருண்டால் கூப்பிடுவேன். ஆறு பேரும் "ஓம் உம்மா" என்றால்தான் எனக்கு மூச்சு வரும். என் கணவர் விடிந்ததும் சவளக்கடை வயலுக்குப் போய்விடுவார். அவருக்கு இந்தக் கூத்து ஒன்றும் தெரியாது.

பக்கத்து வீட்டு மாமி ஹிபாவைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மருந்துக்கு அடங்காது புள்ள. உங்கட வீட்டுக்குள்ள என்னமோ வந்து நிக்கிது. ஓதிப் பாருங்க."

ஓதினோம். ஓதிய தண்ணீரை நாலு மூலைக்கும் தெளித்தோம். எனக்கும் அப்படித்தான் பட்டது. பாடம் நடக்கும்போது ஹிபா திடீரென்று வாசலைப் பார்ப்பாள். பிறகு யாரோ வந்து உட்காரப் போவது போலப் பாயில் நகர்ந்து இடம் விடுவாள். அந்த இடத்தில் காலை வைக்கவே பயந்தேன்.

ஒரு நாள் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு எடுக்கப் போனவள் பைப்படியில் மயங்கி விழுந்தாள். தூக்கினேன். ஸாராவின் பாரம்தான் இருந்தது. அவளைக் கிடத்திவிட்டு, நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் விழுந்தேன். அதுவரை என் துஆ எல்லாம் ஒன்றேதான்: "யா அல்லாஹ், ஒருவரையும் என்னிடமிருந்து எடுத்துவிடாதே." அன்று வாயில் வேறு வந்தது. "யா றப்பே, என் வீட்டுக்குள் நிற்பது என்ன என்று எனக்குக் காட்டு. எதுவானாலும் தாங்குகிறேன்." என்ன கேட்கிறேன் என்று தெரியாமலே கேட்டுவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம், அஸர் நேரம். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸாரா என் ஷோலைத் தலையில் சுற்றிக்கொண்டு விறாந்தையில் டீச்சர் விளையாட்டு விளையாடினாள். செருப்புகளை வரிசையாக வைத்து இடாப்புக் கூப்பிட்டாள். ஆறு பெயர். ஆறுக்கும் அவளே "ஓம் உம்மா" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சப்ரான்" என்றாள். அதற்குப் பதில் சொல்லவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றாள்.

"ஆரு மகள் உனக்கு இந்தப் பேரச் சொல்லித் தந்த?"

"நீங்கதானே உம்மா ஒவ்வொரு நாளும் கூப்பிடுற."

நானா? ஓடிப்போய் மூத்தவனைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "ஓம் உம்மா. எப்பவும் கடைசியாக் கூப்பிடுவீங்க. கூப்பிட்டா உங்கட முகம் ஒரு மாதிரியாப் போகும். அதான் நாங்க ஒண்டும் கேக்கல்ல."

ஹிபா படுத்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள்தான் பேச்சை எடுத்தாள். "அவன் வந்தா ஆரு உம்மா கதவத் தொறக்கிற? எல்லாரும் படுத்தா அவன் தட்டுறது ஆருக்குக் கேக்கும்? சோறும் நீங்க ஆறு பேருக்குத்தானே போடுறீங்க. பசியோட வருவான்தானே."

வந்து நின்றது ஜின்னும் இல்லை, பேயும் இல்லை சகோதரிகளே. என் வாய்தான். நான் என்னை அறியாமலே கூப்பிட்ட பெயருக்கு என் பிள்ளை தன் சோற்றில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு பேரையும் உட்கார வைத்து அன்று சொன்னேன். காலையில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதிவிட்டு வந்த வழி. வலது கையில் தங்கை, இடது கையில் சப்ரான். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. ஒரு தென்னை மரம் கிட்டியது. கை வழுக்கிவிட்டது என்றுதான் உம்மா வாப்பாவிடமும் சொல்லியிருந்தேன். வழுக்கவில்லை. மரத்தைப் பிடிக்க நான்தான் அவன் கையை விட்டேன்.

ஹிபா கேட்டாள்: "உங்களுக்கு அப்ப எத்தின வயசு?"

"பத்து."

"என்ட வயசா?" தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். "மரத்தப் புடிக்கவும் ஒரு கை வேணுமே உம்மா. உங்களுக்கு ரெண்டு கைதானே இருந்த."

தண்ணீரில் போனவன் ஷஹீத், அவனுக்குச் சுவர்க்கம் என்று எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். நம்பினேன். ஆனால் தான் என்னை மன்னித்துவிட்டதாக எனக்குச் சொல்ல அல்லாஹ் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் வாயைத்தான் தேர்ந்தெடுத்தான். அன்று நான் அழுத அழுகை சுனாமியன்று அழ வேண்டியது.

வயலால் வந்த கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் ஏசினார். "இத ஏன் புள்ள இத்தின வருசம் தனியச் சுமந்த?" வெள்ளிக்கிழமை எல்லோரையும் கடலுக்குக் கூட்டிப் போனார். என் பிள்ளைகள் கடலை மிதித்தது அதுதான் முதல் தடவை. அங்கே நின்று சப்ரானுக்காகக் கை ஏந்தினோம். ஆறு பேரும் ஆமீன் சொன்னார்கள்.

அன்றே ஹிபா தட்டைக் காலியாக்கினாள் என்று எழுத ஆசைதான். இல்லை. இரண்டு மாதம் பிடித்தது. இப்போது அவளும் மூத்தவனும் பள்ளிக்கூடம் போகிறார்கள். மற்ற நாலு பேரும் என்னிடம் படிக்கிறார்கள். வீட்டில் படிப்பிப்பது பிழை என்று நான் சொல்ல வரவில்லை. என் பயத்துக்கு மார்க்கத்தின் பெயரை வைத்தேனே, அதுதான் பிழை.

பயம் போய்விட்டதா என்றால், இல்லை. கடல் இரைந்தால் இப்போதும் எழும்பிப் போய்ப் பிள்ளைகளை எண்ணுவேன். ஆனால் உங்களில் யாராவது என்னைப் போல இருந்தால், "பாதுகாத்துக்கொள்" என்று மட்டும் கேட்காதீர்கள். "காட்டித் தா" என்றும் கேளுங்கள். அவன் காட்டுவான். வலிக்கும். பயப்படாமல் கேளுங்கள்.

காலையில் ஹிபா கேற்றைத் திறந்துகொண்டு கடற்கரை வீதிப் பக்கம் நடக்கிறாள். நான் உள்ளேயே நின்று அவளை அல்லாஹ்விடம் ஒப்படைக்கிறேன். ஒன்றரை மணிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கத்துகிறாள்: "உம்மா, பசிக்கிது!"