வெள்ளிக்கிழமைச் சவடால்

சவடால் என்ற சொல்லுக்கு அகராதியில் வெற்றுப் பெருமைப் பேச்சு என்று போட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பொருள், மாமா. அம்மாவின் தம்பி. கிணற்றில் விழுந்த ஆட்டை ஒற்றைக் கையால் தூக்கினேன் என்பார். கயிறு கட்டி இழுத்த நாலு பேரும் பக்கத்திலேயே நிற்பார்கள். "சவடாலப் பாரு" என்று அம்மா சிரிப்பாள். சொல்லை மட்டும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா துபாய்க்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பூதலூரில் எங்கள் வயலை மாமாதான் பார்த்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. அன்று போன் வரும். ஸ்பீக்கரில் போட்டுச் சுற்றி உட்காருவோம்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. நட்டு இருபது நாளான சம்பா மூழ்கிவிட்டது. மாமா மூன்று நாளாக வடிகாலில் இறங்கி ஆகாயத்தாமரையை அரிந்து தள்ளிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்தால் அப்பா வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று அம்மாவுக்குப் பயம். போன் வந்ததும் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்த மாமா ஆரம்பித்தார்.

"மச்சான், பயிரு சும்மா கருகருன்னு நிக்குது. கலெக்டரே வண்டிய நிறுத்திக் கேக்குறாரு, இது யாரு வயலுன்னு!"

"பொய்ப்பா, மாமா சவடால் விடுறாங்க" என்றேன். பிறகு வரிசையாகச் சொன்னேன்: தண்ணீர் மூன்று நாளாக வடியவில்லை, வரப்பு உடைந்துவிட்டது, பயிரின் நுனிகூடத் தெரியவில்லை.

அம்மா என் வாயைப் பொத்தினாள். அந்தப் பக்கத்திலிருந்து இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. விடுமுறை நாளில் ஏது அந்தச் சத்தம் என்று யோசிக்க எனக்குத் தெரியவில்லை.

"மாப்ள" என்றார் அப்பா. "போனா போவுது, விடு. நீ தண்ணில ரொம்ப நேரம் நிக்காத. எனக்கென்ன இங்க, ஏசி ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போடுறேன். மூணு வேளையும் பிரியாணி. வெயிலே பாக்கல, போ."

"அப்பறமென்ன, நீங்க ராஜா மச்சான்!" மாமா உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்க்காமல் எழுந்து வயலுக்குப் போனார். அம்மா போனுக்கு இன்னும் கிட்டே நகர்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே பெருமை. மறுவாரம் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்: எங்கள் அப்பாவுக்கு ஏசி ரூம், தினமும் பிரியாணி. மாமாவைப் போல அப்பாவுக்குச் சவடால் விடத் தெரியாது என்றும் சொன்னேன்.