கையெழுத்துப் போடாதவர்

காலை ஆறே முக்கால். பொன்மலை ரயில்வே பட்டறைக்கு எதிரே, டீக்கடையில் ஃபிட்டர் ஒருவர் பஸ் டிக்கெட்டைச் சுருட்டிக் காது குடைந்துகொண்டிருந்தார். எடுத்ததும் நுனியை உற்றுப் பார்ப்பார், மறுபடி குடைவார். பக்கத்தில் அவர் மகள், கன்னியாஸ்திரீகள் நடத்தும் இலவச விடுதியின் விண்ணப்பத்தோடு நின்றாள். விடுதி கிடைத்தால்தான் அவளுக்குக் கல்லூரி. அப்பா கையெழுத்து மட்டும்தான் வேண்டும்.

“நான் யார் தயவும் இல்லாம வளந்தவன். ஓசிச் சோத்துல படிக்கிற குடும்பமில்ல நம்மளது,” என்றார். அந்தக் கதையைப் பட்டறையில் கேட்காதவர் இல்லை.

டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் அவருடைய ஊர்க்காரர். “ஏண்ணே, நீங்க அக்கா வீட்டுல சாப்பிட்டுத்தானே படிச்சீங்க?” என்றார்.

“அத நான் சொல்றதில்லப்பா.”

சொன்ன முகத்தில் கூச்சமே இல்லை. பட்டறைச் சங்கு ஊதியதும் டிக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

விண்ணப்பம் கொடுக்க அன்று மாலை ஐந்து மணிவரைதான் நேரம்.