மல்லிக்கு ஒற்றைச் செருப்பு

“மார்கழி 4, வெள்ளி, காலை 6.20. மல்லி இடது பின்னங்காலை ஊன்றவில்லை. தீனி தின்றாள். காய்ச்சல் இல்லை.”

என் நோட்டில் அந்த நோய் இப்படித்தான் தொடங்குகிறது. மல்லி எங்கள் ஒரே பசு. அப்போது எட்டு மாதச் சினை. சினை ஊசி போட்ட தேதிப்படி தை 20 வாக்கில் கன்று போட வேண்டும். நிறைசினையில் படுத்த மாடு எழாமல் போனால் தாயும் தங்காது, கன்றும் தங்காது. எங்களுக்கு இருந்தது ஒன்றரை மாதம்.

உங்கள் மாடும் நொண்டுகிறது என்றால் முதலில் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். நாங்கள் பார்க்கவில்லை. சுளுக்கு என்று முடிவுகட்டி, ஒன்பது நாள் தொடையில் எண்ணெய் தேய்த்தோம். பிறகு நோட்டைப் புரட்டியபோது ஐப்பசி 15இல் என் கையெழுத்தே என்னைப் பார்த்துச் சிரித்தது: “கொட்டகைக்குச் சிமெண்ட் தளம் போட்டாயிற்று. பார்க்க அழகு.”

மார்கழி 13இல் பெருமாநல்லூரிலிருந்து கால்நடை மருத்துவர் வந்தார். காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டினார். பிளவுபட்ட குளம்பின் வெளிப்பாதியில் அடிப்புண் (சொரசொரப்பான தரையில் குளம்பின் அடி தேய்ந்து உள்சதை தெரிவது). கெட்டதைச் செதுக்கி எடுத்துவிட்டு, உள்பாதியில் ஒரு கட்டையை ஒட்ட வேண்டும் என்றார்.

என் மனைவி கோகிலாவுக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க டாக்டர், புண்ணு அந்தப் பக்கம், செருப்பு இந்தப் பக்கமுங்களா?”

“நல்ல பக்கம் ஒசந்தாத்தானுங்க புண்ணு தரையத் தொடாது. அது ஆறட்டும், இது சொமக்கட்டும்.”

அவரிடம் பசை இருந்தது, கட்டை தீர்ந்திருந்தது. கோகிலா என் மேசையைப் பார்த்தாள். நான் கட்டிங் மாஸ்டராக இருந்த பனியன் கம்பெனியில் பழைய கட்டிங் மேசையைக் கழித்தபோது கொண்டுவந்த மரத்துண்டு, நோட்டுகள் பறக்காமலிருக்க அங்கே உட்கார்ந்திருந்தது.

“நோட்டுப் பறந்தாப் பறக்குதுங்க. மாடு நடக்கட்டும்.”

குளம்பில் காகிதத்தை வைத்து அளவெடுத்தேன். பேட்டர்ன் வெட்டி, மரத்தில் வரைந்து அறுத்துக் கொடுத்தேன். மருத்துவர் பொருத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“மாஸ்டர், சுத்தியும் அரை இஞ்சு கூட இருக்குதுங்களே?”

முப்பது வருடப் பழக்கம். “அது… தையலுக்கு விட்டதுங்க.”

கோகிலா சிரித்த சிரிப்பில் தண்ணி வாளி கவிழ்ந்தது. “மாட்டுக் காலுக்கு ஓவர்லாக் அடிக்கப் போறீங்களாக்கும்!”

“பீஸ் ரிஜெக்ட்டுங்க மாஸ்டர்” என்றார் மருத்துவர். என் வேலைக்காலத்தில் அந்தச் சொல்லுக்கு நான் சிரித்ததில்லை, அன்று சிரித்தேன்.

அரை இஞ்சைச் சீவினேன். குளம்பைப் பனியன் வேஸ்ட்டால் (கம்பெனியில் மிஞ்சும் வெட்டுத்துணி) ஈரம் போகத் துடைத்து ஒட்டினோம். கயிற்றை அவிழ்த்ததும் மல்லி காலைத் தொங்கவிட்டபடியே நின்றாள். பிறகு மெல்ல இறக்கினாள். டக். பகல் 11.40.

துணியை மாடு தின்றுவிடும், பனியன் வேஸ்ட்டைப் படுக்கையாகப் போடக் கூடாது என்றார் மருத்துவர். தளத்தின் மேல் ரப்பர் பாய் விரித்தோம். கொட்டகையில் நாள் முழுக்க அந்த ‘டக்’ கேட்டது. கேட்டால் நிற்கிறாள், நடக்கிறாள் என்று பொருள். கடிகாரத்தைவிட அதைத்தான் அதிகம் நம்பினேன்.

தை 18, காலை 9.05. கிடேரிக் கன்று. மல்லி ஒரே உந்தலில் எழுந்து, நான்கு காலிலும் நின்று அதை நக்கினாள். “தேதிக்கு ரெண்டு நாள் முன்னாலயே டெலிவரிங்க” என்றாள் கோகிலா.

இப்போது நான் நடக்கும்போதும் எந்தப் பாதத்தில் பாரம் விழுகிறது என்று தெரிகிறது. முன்பெல்லாம் எனக்கு அப்படித் தெரிந்ததில்லை.

நோட்டில் ஒரு வரி மட்டும் நிரம்பவில்லை: கட்டை எப்போது விழுந்தது? தை 26 மாலை இருந்தது. 29 காலை இல்லை. சாணக்குழியைக் கிளறியும் கிடைக்கவில்லை. இடையில் நான்கு வேளை நானே அருகில் உட்கார்ந்து பால் கறந்திருக்கிறேன். சத்தம் நின்றது என் காதில் படவில்லை; அவள் நடையிலும் வேறுபாடு தெரியவில்லை. தேதி உறுதி செய்யப்படவில்லை.