நகராத காரும் காணாமல்போன கம்பி மூடியும்

நடக்கும்போது மூடி மாமா மனிதர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார். தரையைத்தான் பார்ப்பார். பார்த்துப் பார்த்து, செருப்பை வைத்தே இன்னார் என்று சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். நகராட்சியில் மழைநீர் வடிகால் பிரிவு. இருபத்திரண்டு வருட சர்வீஸ். தெருத் தண்ணீர் இறங்குவதற்காகச் சாலையோரத்தில் அங்கங்கே பதித்திருக்கும் கம்பி மூடிகளைத் திறப்பதும், உள்ளே அடைத்திருப்பதை வாரி எடுப்பதும்தான் அவர் வேலை.

அவர் கல்யாணமே அப்படி ஒரு மூடியால் நடந்தது. தையல்கடைப் பெண் ஒருத்தியின் கத்தரிக்கோல் தவறிக் கம்பி வழியாக உள்ளே விழுந்துவிட்டது. மாமா கொக்கி போட்டு எடுத்து, துடைத்து, பெருமையாக நீட்டினார். "மொனை மழுங்கிப்போச்சே, யார் சாணை பிடிச்சுத் தருவா?" என்று கேட்டாள் அவள். அன்றிலிருந்து மாமாதான் சாணை பிடித்துத் தருகிறார்.

அலுவலகத்தில் வடிகால் வரைபடம் ஒன்று உண்டு. பார்க்க அழகாக இருக்கும். அதில் மூடிகள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். தெருவில் வேறெங்கோ இருக்கும். அந்தக் காலத்தில் தோண்டியவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் எது வரை முடிந்ததோ அங்கேயே மூடியைப் பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ரோடு போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டுவார்கள். மூடியும் உள்ளே போய்விடும். கேட்டால், "அடுத்த வாரம் வந்து தூக்கி வெச்சிடறோம்" என்பார்கள். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

அதனால் மாமா ஒரு நோட்டு வைத்திருந்தார். எந்த மூடி எங்கே என்பது அவருக்கும் அந்த நோட்டுக்கும்தான் தெரியும். 'பல் டாக்டர் கேட்டிலிருந்து பதினாலு அடி.' 'மாவு மில் படிக்கு நேர் எதிரே, நாலு அடி.' அசையாத பொருளிலிருந்துதான் அளக்கவேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

மனைவியின் கடை இருக்கும் தெருவிலும் அப்படி ஓர் அசையாத பொருள் கிடைத்தது. ஒரு பழைய கார். சொத்துத் தகராறில் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்கு அலைய, கார் ஒன்பது வருடமாக அதே இடத்தில் நின்றது. டயர் மண்ணோடு மண்ணாகிவிட்டது. பானெட்டுக்குள் செடி முளைத்து, முன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தது. வீடுகளையாவது இடித்துக் கட்டுவார்கள், இதை ஒருத்தரும் தொடமாட்டார்கள் என்று மாமா நம்பினார். 'பின்சக்கரத்திலிருந்து மூன்று அடி' என்று எழுதிக்கொண்டார்.

ரோடு போட வந்தவர்கள் ஒரே காலையில் காரைக் கிரேனில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தார். மாமா வந்து பார்த்தார். தெரு கன்னங்கரேலென்று, துடைத்துவிட்டதுபோல் இருந்தது. விஷயத்தை ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. மழை வருவதற்குள் எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம் என்று இரண்டு மாதத்தை ஓட்டினார்.

மழை ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. புதுத் தாரால் தெரு உயர்ந்து, தையல்கடை ஒரு படி கீழே போயிருந்தது. திங்கள்கிழமை பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கவேண்டிய எண்பது சீருடைகள் வெட்டிய துணியாகத் தரையில் கட்டுக் கட்டாகக் கிடந்தன. மாமா ஓடி வந்தபோது, வாசல்படியைத் தொட இன்னும் நான்கு விரல்தான் பாக்கி. மனைவி கட்டுகளை மேஜைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். மேஜை பாதியிலேயே நிறைந்துவிட்டது.

"ஏங்க, இங்க ஒரு மூடி இருக்குன்னீங்களே, எங்க?"

"பின்சக்கரத்துலேருந்து மூணு அடி."

"எந்தப் பின்சக்கரம்?"

"அதான்... அந்தக் காரு."

அவள் தெருவைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். "கார் சக்கரம் சுத்தும்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

மாமா தெருமுனைக்கு ஓடினார். அது மேடு. அங்கிருந்த வடிகால் தொட்டியின் மூடிமேல் தார் விழவில்லை. அதைத் திறந்தார். ஆறடி மூங்கில் பிளாச்சுகளை ஒன்றோடொன்று கட்டி, தெருவுக்கு அடியில் ஓடும் குழாய்க்குள் விட்டுத் தள்ளிக்கொண்டே போனார். ஒன்பதாவது பிளாச்சு முழுதாக உள்ளே போனபோது முனை சுவரில் முட்டியது. காணாமல்போன மூடிக்குக் கீழே இருக்கும் தொட்டியின் சுவர்தான் அது. இழுத்து, வழக்கம்போல் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்து வெளியே போட்டார். ஒன்பது ஆறு ஐம்பத்து நாலு. தெருமுனைத் தொட்டியிலிருந்து ஐம்பத்து நாலு அடி அளந்து, கணுக்கால் தண்ணீரில் நின்று கடப்பாரையால் புதுத் தாரைப் பெயர்த்தார்.

சரளை வந்தது. மண் வந்தது. மூடி வரவில்லை.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் தோண்டுங்க, பெட்ரோல் வரும்!" என்று மேலே இருந்து உற்சாகப்படுத்தினார் மாடிவீட்டுக்காரர். கையில் டீ டம்ளர்.

தண்ணீர் படியைத் தாண்டியது. மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். தண்ணீரில் மிதந்த பிளாச்சு ஒன்றை எடுத்துப் பார்த்தாள். முனையில் கயிற்றுத் தடம் இருந்தது.

"ரெண்டையும் சேர்த்துக் கட்டுறப்ப ஒண்ணு மேல ஒண்ணு எவ்வளவு ஏத்துவீங்க?"

"ஒரு அடி. இல்லேன்னா கழண்டுடும்."

"அந்த மடிப்பைக் கழிச்சீங்களா?"

மாமாவுக்கு அந்தக் குச்சியால் குத்தித்தான் பழக்கம். அளந்து பழக்கமில்லை.

"எட்டு கட்டு, எட்டு அடி. தையலுக்கு விட்ட துணியையும் சேர்த்து அளந்தா சட்டை எப்படிங்க பொருந்தும்? இந்தப் பக்கம் வாங்க!"

எட்டு அடி பின்னால் வந்து குத்தினார். நான்காவது குத்தில் கடப்பாரை 'ணங்' என்றது. தாரைப் பெயர்த்து மூடியை நெம்பித் தூக்கியதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. கடை வாசலிலிருந்து குழி வரை தாரில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் கீறிவிட்டார். மாடிவீட்டுக்காரர் டீயைக் குடிக்க மறந்து நின்றார்.

கடைக்குள் இரண்டு விரல் தண்ணீர் வந்திருந்தது. ஐந்து சீருடைக்கான துணி நனைந்தது. எழுபத்தைந்து தப்பியது.

மழை விட்டதும் இன்ஜினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். புது ரோட்டில் இரண்டு குழி, ஒரு வாய்க்கால். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"யாருய்யா ரோட்டை இப்படிக் கொதறி வெச்சது?"

மாடிவீட்டுக்காரர் சட்டென்று உள்ளே போய்விட்டார். மாமா கடப்பாரையை மறைக்கவில்லை.

"நான்தான் சார். மூடி எங்க இருக்குன்னு தொலைச்சதும் நான்தான். காரை வெச்சு அளந்துட்டேன்."

"காரை வெச்சா? மெமோ குடுக்கப்போறேன்யா உனக்கு!"

"குடுங்க சார். மொதக் குழி என் தப்பு, அதுக்குக் குடுங்க. ரெண்டாவது குழி சரியான எடத்துல இருக்கு, அதுக்குக் குடுக்காதீங்க."

இன்ஜினியர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் கடையிலிருந்து குரல் வந்தது. "பேசினது போதும், உள்ள வந்து தண்ணியை வாரி ஊத்துங்க. சார், நீங்களும் நிக்கிறதுன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வாய்க்கால்ல கால் வெச்சிருக்கீங்க."

இன்ஜினியர் காலை எடுத்தார். மாமா வாளியை எடுத்தார்.