கூட்டம் குறையட்டும் என்றார் மேனேஜர்

சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் எங்கள் செல்போன்களை வாங்கி வைத்துவிடுவார்கள். அவசரம் என்றால் கடை நம்பருக்குக் கூப்பிடலாம் என்றதால், மகளின் பள்ளியில் அந்த நம்பரையே கொடுத்திருந்தேன்.

கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா சமயம். கடையில் கூட்டம் நெரிந்தது. மதியம் என் நாத்தனார் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"மதினி, பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில கெடக்கா. டீச்சர் காலையிலேயே கடைக்குப் போன் பண்ணிட்டாவளாம். நீங்க இங்கன சேலை மடிச்சிட்டு நிக்கீங்க?"

மேனேஜரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"கூட்டம் கொறையட்டும்னுதாம்மா சொல்லல. டீச்சர் கூட இருக்காவல்லா?" என்றார்.

"அவ என் பிள்ள அண்ணாச்சி. டீச்சர் பிள்ள இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியேறினேன்.

டீச்சர் உடனே ஆட்டோவில் தூக்கிச் சென்றதால் மகள் பிழைத்தாள். நான் அந்தக் கடைக்குத் திரும்பவில்லை. "இந்தப் பொம்பளைங்க ஒரு வேலையிலயும் நிலைக்க மாட்டாளுவ" என்று மேனேஜர் சொல்லித் திரிகிறாராம்.

இப்போது வேலை கேட்டுப் போனால் சம்பளத்தைப் பிறகுதான் பேசுகிறேன். "வீட்டுல இருந்து போன் வந்தா உடனே சொல்லுவீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். பதில் சொல்லத் தயங்கிய ஒரு முதலாளியின் கடையிலிருந்து அப்போதே இறங்கி வந்துவிட்டேன்.