ஒலிவுக்கு வைத்த நேர்த்தி

நான் வேலை செய்த வீட்டு அம்மாவுக்கு, சிஞ்ஞோராவுக்கு, ஒரேத்தோவில் வீடு. நகரத்துக்கு வெளியே ஒரு தோட்டம், பாதி எலுமிச்சை, பாதி ஒலிவ். நான் குடியிருந்த சீசாவிலிருந்து பஸ்ஸில் போய்ச் சமைத்து, கூட்டித் துடைத்துவிட்டு வருவேன். அந்த வேலையைக் காட்டித்தான் என்னுடைய பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிக்கிறது. தோட்டம் விற்றுப்போனால் சிஞ்ஞோரா மிலானோவில் இருக்கிற மகளிடம் போய்விடுவா. எனக்கு வேலையும் இல்லை, பெர்மெசோவும் இல்லை.

ஒரு வருசம் மாசி மாதத்தில் ஆலங்கட்டி விழுந்து எலுமிச்சை முழுக்கப் போய்விட்டது. சிஞ்ஞோரா அழவில்லை. "காப்புறுதி இருக்கு" என்று சொல்லிப்போட்டு எனக்கும் ஒரு கோப்பி ஊற்றித் தந்தா. நான் கூச்சத்தில் நின்றபடியே குடித்தேன்.

அது எப்படிப்பட்ட காப்புறுதி என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு, சொன்னாலும் விளங்காது என்று விட்டுவிட்டேன். தெரிந்த வழியைப் பார்த்தேன். இங்கே இருக்கிற எங்கட தமிழ்ச் சனம் வெறுங்காலோடு பெல்லெக்ரினோ மலை ஏறி, அங்கே குகைக் கோயிலில் இருக்கிற சாந்தாவுக்கு, வேதக்காரரின் புனிதைக்கு, நேர்த்தி வைக்கிறது வழக்கம். சைவக்காரரும்தான். நானும் நோகிற முழங்காலோடு, கீழ்வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஏறினேன்.

"என்னக்கா, முழங்காலுக்கோ நேர்த்தி?"

"இல்லையடி. ஒலிவுக்கு."

"ஒலிவுக்கோ! அப்ப முழங்காலுக்கு இன்னொருக்கா ஏறவேணும்."

"ஏறுறதுக்கே முழங்கால் வேணுமே."

எலுமிச்சை போனது போகட்டும், ஒலிவ் நிறையக் காய்க்கவேணும், காய்த்தால் திரும்பவும் ஏறி வாறன் என்று கும்பிட்டுவிட்டு இறங்கினேன்.

காய்த்தது. கொப்பு முறியக் காய்த்தது. சிஞ்ஞோரா தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து குசினிக் கதிரையில் இருந்தா. முகம் சரியில்லை.

"நல்லாக் காய்ச்சிருக்கே" என்றேன்.

"அதுதான் வில்லங்கம்" என்றா.

பிறகுதான் விளங்கப்படுத்தினா. இந்தக் காப்புறுதி ஒரு பயிரைப் பார்க்கிறதில்லையாம். எலுமிச்சை, ஒலிவ், கோழி முட்டை எல்லாம் விற்று வந்த வருசத்து வருமானத்தைக் கூட்டிப் பார்க்குமாம். மொத்தம் வழமையைவிட நல்லாகக் குறைந்தால்தான் காசு வருமாம்.

"எலுமிச்சை விழுந்தாப் போதாது. முழுத் தோட்டமும் விழவேணும். ஒலிவ் தூக்கிப் பிடிச்சிட்டுது."

நான் காய்ந்த கோப்பையைத் திரும்பவும் துடைத்தேன்.

"சிஞ்ஞோரா, நான் மலை ஏறினனான்."

"எதுக்கு?"

"ஒலிவுக்கு."

சிஞ்ஞோரா குனிந்து என்னுடைய காலைப் பார்த்தா. "வெறுங்காலோடையோ?"

"ஓம்."

"கொஞ்சம் அளவாய்க் கேட்டிருக்கலாமே!"

"சாந்தாவிட்டை அளவு சொல்லுறது மரியாதையில்லை எண்டு நினைச்சன்."

வருசக் கடைசியில் காப்புறுதிக்காரர் வந்தார். விற்ற கணக்கைப் பார்த்தார், நான் சுட்ட ரோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டார், ஒன்றும் கிடைக்காது என்றார். "நல்ல வருசம், வாழ்த்துக்கள்" என்று கையும் கொடுத்தார். சிஞ்ஞோரா செத்தவீட்டில் சொல்லுகிற மாதிரி நன்றி சொன்னா.

ஆனால் எண்ணெய் விற்ற காசு தோட்டத்துக்குக் காணுமாயிருந்தது. அதிலேயே கொப்பு வெட்டுகிறவர்களுக்கும் கொடுத்து, அடுத்த வருசக் காப்புறுதியும் கட்டினா. தோட்டம் விற்கவில்லை. என்னுடைய பெர்மெசோவும் புதுப்பித்தாயிற்று.

இளவேனிலில் நேர்த்தியை முடிக்க ஒரு நாள் லீவு கேட்டேன்.

"கொஞ்சம் பொறு" என்றா சிஞ்ஞோரா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காப்புறுதி ஒப்பந்தத்தை எடுத்துவந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தா. நான் கதவடியில் நின்றேன்.

"இந்தமுறை முழங்காலுக்குக் கேள்" என்றா. "அதை இவங்கள் வருமானத்திலை கூட்டமாட்டாங்கள்."