டொக்டர் எழுதிக்கொண்ட காரணம்

காலையில் கணவர் ரொறன்ரோ ரெயினுக்குப் போனதும், விட்பி வீட்டின் மேல் அறையில் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பது என் வேலை. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. நோயாளி சொல்வது ஒவ்வொன்றும் டொக்டருக்குப் போயாக வேண்டும். தும்மலை மட்டும் விட்டுவிடலாம். எட்டு வருடமாக இதில் ஒரு சொல் பிசகவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அன்று வந்த அழைப்பு ஒரு கருக்கலைப்புக்கானது. அந்த மாநிலத்தில் சட்டம் மாறியிருந்தது. டொக்டர் ஒரு நீண்ட அறிவிப்பை நோயாளியின் மொழியிலேயே வாசித்துக் காட்ட வேண்டும். ஏன் கலைக்கிறார், யாராவது வற்புறுத்தினார்களா, குடும்பத்தில் யாருக்காவது பயப்படுகிறாரா என்று கேட்டு, ஒவ்வொரு பதிலையும் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் டொக்டரின் லைசென்ஸுக்கு ஆபத்து. கையெழுத்துக்குப் பிறகு இரண்டு நாள் பொறுக்கவும் வேண்டும். இந்தப் பெண்ணுக்குச் சட்டப்படி மிச்சமிருந்தது மூன்றே நாள் என்று டொக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

அறிவிப்பை ஒருவழியாக முடித்தேன். அதுவரை "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, நீங்கள் கனடாவோ?"

இருக்கும் இடத்தைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. அதைச் சொன்னேன்.

"நீங்கள் கதைக்கிறதைக் கேட்டாலே தெரியுது. என்ர மாமி, இவற்ர அம்மா, பிக்கரிங்கிலதான் இருக்கிறா. இவருக்கு எல்லாம் தெரியும், நாங்கள் ரெண்டு பேரும் யோசிச்சுத்தான் வந்தனாங்கள். மாமிக்குத் தெரிஞ்சால் வீடு ரெண்டாப் போயிடும். எனக்கு ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். மூண்டாவது பெடியனா வேணுமெண்டு அவ நேர்த்தி வைச்சிருக்கிறா. எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா. வேற ஆளைத் தரச் சொல்லுங்கோ."

பிக்கரிங் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எட்டு வருடத்தில் யார் வீட்டுக் கதையை நான் வெளியே விட்டேன்?

"என்ன சொல்கிறார்?" என்று டொக்டர் கேட்டார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டிருப்பார்.

உள்ளதை உள்ளபடி சொன்னால், பயப்படுகிறாரா என்ற கேள்விக்கு நேரே அவர் ஆம் என்று எழுத வேண்டிவரும். எழுதினால் முதலில் ஆலோசகர் ஒருவர் அவளைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கிழமையாவது ஆகும் என்று அறிவிப்பிலேயே இருந்தது. அதைச் சற்று முன்புதான் என் வாயால் வாசித்திருந்தேன். அவளிடம் இருந்ததோ மூன்று நாள்.

"டொக்டர், என்னுடைய யாழ்ப்பாணத் தமிழ் இவருக்கு விளங்கவில்லையாம். தமிழ்நாட்டவர் ஒருவரைக் கேட்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னேன்.

மூச்சுவிடாமல் அசல் யாழ்ப்பாணத் தமிழ் பேசியவளுக்கு! டொக்டர் நம்பிவிட்டார். மொழிபெயர்ப்பாளரை மாற்றினால் அதற்கும் காரணம் எழுத வேண்டுமாம். நான் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல்லியபடி எழுதிக்கொண்டார். அந்த அளவு இங்கிலீஷ் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். "பெரிய உபகாரம் அக்கா" என்றாள். அதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

சென்னைப் பெண் ஒருவர் லைனில் வந்ததும் நான் விலகினேன். அவள் அன்று கையெழுத்துப் போட்டாளா, மூன்று நாளுக்குள் காரியம் முடிந்ததா என்று விசாரிக்க எனக்கு வழியில்லை. முடிந்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஹெட்செற்றைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி போட்டேன். பொய் சொன்னது என்னவோ உறுத்தவில்லை. அவள் என்னை நம்பவில்லையே என்றுதான் மனம் குமைந்துகொண்டிருந்தது. பிக்கரிங்கில் மாமி, அமெரிக்காவில் மகன், இரண்டு பேத்திகள், பேரனுக்காக ஒரு நேர்த்தி. தேயிலை ஊறி முடிவதற்குள் அந்த மாமி யாரென்று கண்டுபிடித்துவிட்டேன். போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிட்டவர்.

அவள் பயந்தது சரிதான். மாமியைத் தேடச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.